நெற்றியில் பட்ட இரும்பு

மாதாவின் பொன்முடியைக் கள்ளனிடம் தூக்கிக் கொடுத்தவள் என்று கொழும்புத்துறை முழுக்கப் பெயர் கெட்டிருந்த ஜெசிதா, நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்புக்கு மேல்மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்தபோது, கையிலிருந்த குடையை மடக்க மறந்துவிட்டாள். சில நாட்களாக அந்தக் குடைக்குள்தான் அவளுடைய முகம் இருந்தது.

"மாடிக்குள்ளையும் வெயில் அடிக்குதோ?" என்றான் கதவடியில் நின்ற பிரவீணன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடையை மடக்கினாள்.

"உவன் உப்பிடித்தான். உள்ளை வாங்கோ, பிள்ளை," என்று மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார் உதயகலா. ஒரு காலத்தில் கீழ்மாடி வகுப்பிலே கணிதம் படிப்பித்தவர். பிள்ளைகளின் கணக்குகளைவிட ஊராரின் கணக்குகள் இன்னும் சிக்கலாக இருப்பதைக் கண்டு மேல்மாடிக்கு மாறியவர். பிரவீணன் அவரிடமே படித்து, அவர் படிப்பித்த பாடத்திலேயே கோட்டை விட்டவன். அதனால் அவரை இன்னும் 'மிஸ்' என்றே கூப்பிட்டான்.

"என்ரை தம்பியைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போயிட்டுது," என்றாள் ஜெசிதா. "சிமியோன் எண்டு பேர். முடியை எடுத்தது அவன்தானாம். அவனுக்குத்தான் நான் எடுத்துக் குடுத்தனானாம்."

"முடியை எடுத்தவன்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?"

"இல்லை. ஹெல்மெற்."

"அப்ப முதல்லை இருந்து சொல்லுங்கோ. அவசரமில்லை."

ஜெசிதா சொன்னாள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவேண்டும் என்று அந்தப் பங்கின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கழற்றிக் கொடுத்த காப்பையும் சங்கிலியையும் உருக்கிச் செய்த முடி அது. ஜெசிதாவின் தாயுடைய காப்பும் அதற்குள் இருந்தது. வருடம் முழுவதும் பங்குச் சுவாமியாரின் அறையில் பூட்டிக் கிடக்கும். பெருநாளுக்கு மட்டும் மாதா சுரூபத்தின் தலையில் வைப்பார்கள். இந்த வருடம் அதைத் துடைத்து ஒழுங்கு பண்ணும் பொறுப்பு ஜெசிதாவுக்குக் கிடைத்தது. பின்னேரம் மாதா கோவில் பின்னறையில் இருந்து முடியைத் துடைத்துச் சிவப்பு வெல்வெற் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கணவன் லெனாட் தேத்தண்ணிக் கிளாசோடு துணைக்கு நின்றான். அப்போதுதான் பின்கதவால் ஒருவன் வந்தான். மழைக்கோட், தலை முழுக்க மூடிய ஹெல்மெற். வந்த வேகத்தில் லெனாட்டைச் சுவரோடு தள்ளி, நெற்றியில் கைத்துப்பாக்கியை வைத்தான்.

"என்ன கதைச்சவன்?"

"ஒண்டும் கதைக்கேல்லை. பெட்டியைக் கையாலை காட்டினவன். இவர்தான், 'ஜெசி, குடு, குடுத்திடு' எண்டவர். நான் குடுத்திட்டன்."

"யோசிக்கேல்லையோ?"

"இல்லை. என்ரை மனுசன்ரை நெத்தியிலை துவக்கு. முடியைத் திரும்பவும் செய்யலாம். மனுசனைச் செய்யேலாது."

உதயகலா தலையை ஆட்டினார். "சரியான வேலை செய்தனீங்கள். துவக்கோடை வாறவனோடை ஆரும் மல்லுக்கட்டக் கூடாது. கேட்டதைக் குடுத்திட்டு உயிரோடை இருக்கிறதுதான் புத்தி. ஊர் ஆயிரம் சொல்லட்டும்."

இத்தனை நாளில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஜெசிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பேந்து?"

"பெட்டியை வாங்கிக்கொண்டு அவன் திரும்பேக்கை இவர் அவன்மேலை பாய்ஞ்சிட்டார். இரண்டு பேரும் உருண்டு புரண்டவை. இவர் மேசை விளிம்பிலை விழுந்து நெத்தி வெடிச்சுப் போச்சு. அவன் ஓடிட்டான். துணி மட்டும் நிலத்திலை கிடந்தது."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய லெனாட்டை முன்னுக்குக் கூப்பிட்டார்கள். தலையில் கட்டோடு நின்று அவன் சொன்னான்: 'இரும்பு நெத்தியிலை பட்ட உடனை ஐஸ் மாதிரிக் குளிர்ந்துது. செத்தாலும் பரவாயில்லை, மாதாவின்ரை முடி போகக் கூடாது எண்டு பாய்ஞ்சனான்.' கேட்ட பெண்கள் அழுதார்கள். ஜெசிதா இருந்த வாங்குப் பலகையில் அவளைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை. வெளியே வந்தபோது லூர்த்தம்மா என்ற கிழவி, எல்லோருக்கும் கேட்கும்படி, 'ஆம்பிளை உயிரைக் குடுக்கப் பாத்தான், பொம்பிளை முடியைக் குடுத்திட்டாள்,' என்றாள். அந்தச் சொல் ஒரு கிழமைக்குள் வளர்ந்து, அவள் வேண்டுமென்றே கொடுத்தாள் என்றாகி, கடைசியில் தம்பிக்குத்தான் கொடுத்தாள் என்று வந்து நின்றது.

"ஏன் தம்பியிலை சந்தேகம்?"

"அண்டு பின்னேரம் அவன் ஊரிலை இல்லை. எங்கை போனனீ எண்டு பொலிஸ் கேட்டால் வாயே திறக்கிறானில்லை. இவரையும் கேட்டவை. இவர், 'முகம் தெரியேல்லை, உயரம் எங்கடை சிமியோன்ரை உயரம் இருக்கும், அவன் எண்டு நான் சொல்லேல்லை' எண்டவர்."

"நல்ல மனுசன்," என்றான் பிரவீணன். "சொல்லேல்லை எண்டு சொல்லிப்போட்டுச் சொல்லியிருக்கிறார்."

உதயகலா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்கடை மனுசன் துணிஞ்ச ஆளோ?"

ஜெசிதா முதன்முறையாகச் சிரித்தாள். "ஐயோ, இல்லை. சண்டைக் காலத்திலை சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை கண்ணுக்கு முன்னாலை தகப்பனைச் சுட்டவங்கள். பெருநாளுக்கு வெடி கொளுத்தினால் இவர் குருநகரிலை சொந்தக்காரர் வீட்டை போயிடுவார். ஒரு சீனவெடிக்கே கை நடுங்கும். அதாலைதான் ஊருக்கே ஆச்சரியம்."

"துவக்கை வைக்கேக்கை கையிலை தேத்தண்ணிக் கிளாஸ் இருந்தது எண்டனீங்கள். அது உடைஞ்சு போச்சோ?"

"இல்லை. யன்னல் கட்டிலை வைச்சிட்டுத்தான் கையைத் தூக்கினவர்."

"சிந்தினதோ?"

ஜெசிதா யோசித்தாள். ஏன் இதைக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. "இல்லை. எல்லாம் முடிஞ்ச பிறகு நான்தான் அதை எடுத்து அவருக்குக் குடிக்கக் குடுத்தனான். விளிம்பு முட்ட இருந்தது."

உதயகலா ஒரு துண்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "அந்தத் துணி எங்கை?" என்றார்.

ஜெசிதா அதைக் கொண்டுதான் வந்திருந்தாள். பொலிசார் வந்து பார்த்தபோது அதை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் அழுக்குத் துணிகளோடு எடுத்துப் போய்விட்டாள். பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்புக்குள்ளிருந்து நகத்தளவு கறுப்பாக ஏதோ விழுந்து உருண்டது.

பிரவீணன் குனிந்து எடுத்தான். வளைந்த சின்னத் துண்டு. நகத்தால் சுரண்டினான். கறுப்பு மை உரிந்து உள்ளே செம்மஞ்சள் நிறம் தெரிந்தது.

"மிஸ், இது பிளாஸ்ரிக். துவக்கிலை விரல் வைச்சு இழுக்கிற விசை. திருவிழாவிலை என்ரை மருமோனுக்கு நானே ஒண்டு வாங்கிக் குடுத்தனான். அண்டையிலை இருந்து வீட்டிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை."

ஜெசிதாவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. "விளையாட்டுத் துவக்கோ? நான் விளையாட்டுச் சாமானுக்கோ முடியைக் குடுத்தனான்?"

"நீங்கள் துவக்குக்குத்தான் குடுத்தனீங்கள்," என்றார் உதயகலா. "அந்த நேரத்திலை உங்களுக்கு அது துவக்குத்தான். வெட்கப்பட ஒண்டும் இல்லை."

"ஆனால் பிளாஸ்ரிக் குளிராதே, மிஸ்," என்றான் பிரவீணன். "ஃபிறிட்ஜிலை வைச்சுக் கொண்டு வந்திருந்தாலொழிய."

"பயத்திலை எல்லாம் குளிரும்," என்றாள் ஜெசிதா உடனே. தான் ஏன் இவ்வளவு கெதியாகப் பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஓம். பயத்திலை குளிரும்," என்று உதயகலா ஒத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "வாங்கோ, துவக்குக் கடைக்குப் போவம்."

நல்லூர்க் கோயில் திருவிழா முடிந்து கடைக்காரர்கள் பொருள்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நமசிவாயம் மட்டும் போகவில்லை. மிஞ்சிய பொம்மைகளையும் பந்துகளையும் பலூன்களையும் தெருமுனையில் நிழலுக்குக் கட்டிய ஒரு படங்குக்குக் கீழே பரப்பிவைத்துக்கொண்டு, வருகிற போகிற சைக்கிள்களைப் பார்த்தபடி இருந்தார்.

அங்கே நடந்து போகும்போது ஜெசிதா தம்பியை நினைத்தாள். சிமியோனுக்கு இருபத்திரண்டு வயதுதான். விளையாட்டுப் புத்தி. ஒருவேளை அவன்தான் செய்திருந்தால்? அவன் ஏன் வாய் திறக்கவில்லை? தம்பியைக் காப்பாற்ற வந்தவள் இப்போது தம்பியையே சந்தேகப்படுகிறாள் என்று நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"ஐயா, இது உங்கடை கடைச் சாமானோ?" பிரவீணன் துண்டை நீட்டினான்.

நமசிவாயம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஓம், தம்பி. இதின்ரை துவக்கு ஆரஞ்சு நிறம். அமத்தினால் பாட்டுப் பாடும், சிவப்பு லைற் எரியும். இதுக்கு ஆர் கறுப்பு மை அடிச்சது?"

"அதைத்தான் நாங்களும் தேடுறம். இதை வாங்கின பெரிய ஆக்களிலை ஆரையும் ஞாபகம் இருக்குதோ?"

"பெரிய ஆக்கள்தானே வாங்கிறது. பிள்ளையளிட்டைக் காசு எங்கை?" அவர் சற்று யோசித்தார். "ஆனால் ஒருத்தர் வந்தவர். சத்தம் வராத துவக்கு இருக்கோ எண்டு கேட்டவர். பிள்ளையளெல்லாம் சத்தம் வாறதைத்தான் கேக்குங்கள். இவர், 'சத்தம் கேட்டால் எனக்குக் கூடாது, பற்றறியைக் கழட்டித் தாங்கோ' எண்டவர். அப்பிடி ஒரு ஆளை மறக்கேலுமே?"

ஜெசிதா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஆள் எப்பிடி? இந்தப் பெடியனோ எண்டு பாருங்கோ," என்று உதயகலா ஜெசிதாவிடமிருந்து போனை வாங்கிக் காட்டினார். வரும் வழியிலேயே அவள் தேடி எடுத்து வைத்திருந்த படம் அது. புதுப் படகைச் சுவாமியார் மந்திரித்த அன்று எடுத்தது. சிமியோன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் அவனுடைய தோளில் கைபோட்டபடி லெனாட்.

நமசிவாயத்தின் விரல் சிமியோனின் முகத்துக்கு மேலே வந்தது. ஜெசிதா கண்ணை மூடினாள்.

"இவர் இல்லை," என்றார் அவர். "பக்கத்திலை நிக்கிறவர். இவர்தான். நல்ல மரியாதையான ஆள்."

மூவரும் திரும்பி நடந்தார்கள். வழியில் ஜெசிதா மதிலில் சாய்ந்து நின்றுவிட்டாள். பிரவீணன் பகிடி ஒன்றும் விடாமல் போய் ஒரு சோடா வாங்கி வந்து, மூடியைத் திறந்து, அவளுடைய கையில் வைத்தான். அவள் குடிக்கவில்லை.

"நீங்கள் மேல்மாடியிலையே கண்டுபிடிச்சிட்டீங்கள்," என்றாள்.

"சந்தேகம்தான் இருந்தது," என்றார் உதயகலா. "சீனவெடிக்கு நடுங்கிற கை, நெத்தியிலை துவக்கு இருக்கேக்கை விளிம்பு முட்டின தேத்தண்ணியைச் சிந்தாமல் வைக்குது. பேந்து, அவர் பாய்ஞ்ச நேரம். குடுக்க முன்னம் பாய்ஞ்சிருந்தால் முடி மிஞ்சியிருக்கும். குடுத்தாப் பிறகு பாய்ஞ்சதாலை பேர் மட்டும்தான் மிஞ்சினது. கட்டிப்பிடிச்சுப் புரளேக்கை பிளாஸ்ரிக் உடைஞ்சது அவருக்குத் தெரியாமல் இராது. தெரிஞ்சும் இரும்பு எண்டு சொல்லியிருக்கிறார்."

"நான் குடுத்தது அவருக்காக," என்றாள் ஜெசிதா. அதை யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. "அவர் செத்துப்போவார் எண்டு நினைச்சுக் குடுத்தனான். ஊர் என்னை ஏசேக்கை பக்கத்திலைதான் நிண்டவர். வீட்டை வந்து, 'விடு ஜெசி, சனம் அப்பிடித்தான்' எண்டு என்ரை தலையைத் தடவினவர்."

ஒரு ஐஸ்கிறீம் வண்டி பாட்டோடு போனது.

"இப்பவே பொலிசுக்குப் போகலாம்," என்றார் உதயகலா. "ஆனால் முடி எங்கை எண்டு தெரியாது. நாங்கள் போய்க் கேட்டால் சொல்லமாட்டார். நீங்கள் கேட்டால் சொல்லக்கூடும். கட்டாயமில்லை, பிள்ளை. ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லுங்கோ."

ஜெசிதா சோடாவை ஒரே மூச்சில் குடித்தாள். "வழியிலை அந்தக் கடையிலை ஒரு துவக்கு வாங்கவேணும்," என்றாள்.

வெயில் சாயும் நேரம். வீட்டில் லெனாட் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஒறேஞ்சும் பால்மாப் பெட்டியும் மேசையில் குவிந்திருந்தன. ஓட்டோவை ஒழுங்கை முனையிலே நிறுத்திவிட்டு உதயகலாவும் பிரவீணனும் பின்பக்கக் கிணற்றடியில் நின்றார்கள். ஜெசிதா குசினிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"எங்கை போனனீ? தலை இடிக்குது. ஒரு தேத்தண்ணி போடன்."

அவள் பையிலிருந்த செம்மஞ்சள் துவக்கை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"குளிருதோ எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

லெனாட் துவக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். என்ன இது என்று கேட்பான் என்று அவள் இன்னமும் ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. அந்த நிமிசத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"ஆர் சொன்னது?" என்றான்.

"வித்தவர்."

அவன் எழுந்து முன்கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். "ஜெசி, கேள். கனடாவுக்கு ஒரு வழி சரிவந்திருக்குது. கடலிலை இருந்து என்னத்தைக் கண்டம்? போய்ச் சேர்ந்த உடனை உன்னைக் கூப்பிட்டிருப்பன். சத்தியமாய்."

"சிமியோனை ஏன் இழுத்தனீங்கள்?"

"ஆரையாவது தேடுவாங்கள்தானே. அவனிலை ஒரு சாட்சியும் இல்லை. கொஞ்ச நாளிலை விட்டிடுவாங்கள். அவன் சின்னப் பெடியன், தாங்குவான்."

"முடி எங்கை?"

"எங்களோடை கடலுக்கு வாற கிறகோரியிட்டை. அவன்தானே ஹெல்மெற் போட்டு வந்தது. வாயைத் திறந்தால் நீ கண்டுபிடிப்பாய் எண்டுதான் ஊமை மாதிரி நிண்டவன். கடற்கரை வாடியிலை மீன் ஐஸ் பெட்டிக்குள்ளை அடியிலை வைச்சிருக்கிறான்." அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அதே கை. எத்தனையோ காய்ச்சலுக்கு நெற்றியில் வைத்துப் பார்த்த கை. "ஒருத்தருக்கும் தெரியாது. நீ பேசாமல் இருந்தால் எல்லாம் சரி. அண்டைக்கு எனக்காக முடியைக் குடுத்தனீ. அப்பிடி இதையும் விட்டுக் குடு."

ஜெசிதா கையை விடுவித்துக்கொண்டாள்.

"அண்டைக்குக் குடுத்ததிலை பிழையில்லை. நாளைக்கு ஆரும் ஒருத்தன் மெய்த் துவக்கை வைச்சாலும் உங்களுக்காகத் திரும்பக் குடுப்பன். ஆனால் சிமியோனைக் குடுக்கமாட்டன்."

"என்னடி செய்யப்போறாய்?"

"செய்தாச்சு," என்றாள். குசினிக் கதவடியில் உதயகலா நின்றார். அவருடைய போன் காதில் இருந்தது. பொலிஸ் பொறுப்பதிகாரியோடு கதைத்துக்கொண்டிருந்தார். லெனாட் முன்கதவை நோக்கி ஓடினான். அதைத் திறந்தபோது, கிணற்றடியிலிருந்து சுற்றி வந்திருந்த பிரவீணன் படியில் இருந்தான்.

"இருங்கோ அண்ணை," என்றான். "நான் துணிஞ்ச ஆள் இல்லை. நீங்கள் பாய்ஞ்சால் நான் மெய்யாகவே விழுந்திடுவன். ஆனால் ஒழுங்கை முழுக்க உங்களைப் பாக்க வந்த சனம் நிக்குது. ஓடுறதெண்டால் அவைக்கு முன்னாலை ஓடவேணும்."

லெனாட் எட்டிப் பார்த்தான். லூர்த்தம்மா ஒரு பை பழத்தோடு படலையைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் திரும்பி வந்து கதிரையில் இருந்தான்.

பொலிசார் வந்து லெனாட்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொழுது படுவதற்குள் கிறகோரியின் வாடியில் மீனும் ஐசும் அள்ளிக் கொட்டப்பட்டு, அடியிலிருந்து முடி வெளியே வந்தது. ஒரு பொலிஸ்காரர் அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "குளிர் இஞ்சைதான் இருந்திருக்கு, மிஸ்," என்றான் பிரவீணன்.

இரவு வெகுநேரம் வரை வீட்டுக்குச் சனம் வந்தது. சுவாமியார் வந்தார். மாதா சபைப் பெண்கள் வந்தார்கள். முடியை ஜெசிதாதான் சுரூபத்துக்கு வைக்கவேண்டும் என்றார்கள். லூர்த்தம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெசிதா எல்லோருக்கும் தலையாட்டினாள். ஒறேஞ்சுப் பழங்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சனம் போனபின் கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் படுத்தாள்; மற்றப் பக்கத்துக்குக் கையை நீட்டக்கூட அவளால் முடியவில்லை.

காலையில் உதயகலாவும் பிரவீணனும் அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் சிமியோன் வெளியே வந்தான். சவரம் செய்யாத முகம், கசங்கிய சேட். அக்காவைக் கண்டு சிரித்தான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

"அத்தான் வரேல்லையோ?"

ஜெசிதா பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். "அவரிட்டைச் சொல்லு அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு. என்ன வெருட்டு வெருட்டினாங்கள். நான் வாயே திறக்கேல்லை."

"எதைச் சொல்லேல்லை?"

"இனிச் சொன்னால் என்ன. அண்டைக்கு அத்தான்தான் என்னைத் தெல்லிப்பழைக்கு அனுப்பினவர். உன்ரை பிறந்தநாளுக்கு ஒரு தையல் மெசின் பேசி வைச்சிருக்கிறாராம். ஆஸ்பத்திரி வாசல்லை ஒரு ஆள் கொண்டுவருவாராம். 'அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, அவளுக்குத் தெரியாமல் இருக்கவேணும்' எண்டவர். பின்னேரம் முழுக்க நிண்டன், ஒருத்தரும் வரேல்லை. பொலிசிலை சொன்னால் உனக்குத் தெரிஞ்சிடும், அத்தான் ஆசையாய்ச் செய்யிறது கெட்டுப்போயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

பிரவீணன் மெல்ல விலகி ஓட்டோ நின்ற பக்கம் போனான். உதயகலாவும் அவனுக்குப் பின்னால் போனார்.

ஜெசிதா தம்பியின் கசங்கிய கொலரைச் சரிப்படுத்தினாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். ஆனால் வீட்டில் அந்தச் சாய்மனைக் கதிரை இருந்தது. வாசலில் மரநிழலில் கிடந்த வாங்கைக் காட்டினாள்.

"இதிலை கொஞ்சம் இரு, சிமியோன். உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

அவன் இருந்தான். ஆனாலும் கண் மட்டும் றோட்டிலேயே இருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி, அத்தானோ என்று பார்த்தான்.